புல் ‘பல’ ஆன கதை

சென்ற முத்தமிழ் விழாவின்போது நம் மன்றத்தின் இணையப் பக்கத்தை அமைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். கவிதைப் போட்டியின் முடிவுகள் வெளியான அன்று அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பீர்கள். இரண்டாம் பரிசு பெற்ற கவிதையின் தலைப்பு ‘பல’ என்று இருந்தது. ‘பல என்றால் என்ன பல? பல்லா, பலாவா?’ என்று விடுதி உணவுக்கூடத்தில் நகையாடியவர்களும் உண்டு.

உண்மையில் அந்தக் கவிதையின் தலைப்பு ‘புல்’. எழுதியவர் முதலாண்டு மாணவி. அவருடைய எழுத்து நாலு பேர் கண்ணில் படும்படி வெளிவந்தது அதுவே முதல் தடவை. ஊரிலிருக்கும் தாயாருக்குப் பெருமையோடு அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறார். ‘ஏம்மா, புல்லைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றாயே, வேறு யாருடையதையோ அனுப்பிவிட்டாயா?’ என்று தாயார் கேட்டாராம். அந்தப் பெண் என்னிடம் வந்து சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ‘அண்ணா, என் தலைப்பை யார் மாற்றினார்கள்?’ என்று மட்டும் கேட்டார்.

யாரும் மாற்றவில்லை. நான்தான் அறுத்துவிட்டேன். ‘பு’வின் காலை அடியிலும், ‘ல்’லின் புள்ளியை முடியிலும் அறுத்தேன். இரண்டும் போனபின் புல், பலவாகத்தானே நிற்கும்? உற்றுப் பார்த்தால் புள்ளியின் அடிப்பாகம் மட்டும் தூசு போல் ஒட்டிக்கொண்டிருந்தது. தூசைப் புள்ளி என்று யார் படிப்பார்கள்?

இது எப்படி நேர்ந்தது என்பதை எழுதிவிடுகிறேன். நம்மில் பலர் நாளைக்கு இந்தத் தொழிலுக்கே போகிறவர்கள். நான் விழுந்த குழியில் நீங்களும் விழ வேண்டியதில்லை.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை ஆள்வது சி.எஸ்.எஸ். என்னும் ஆணைத் தொகுதி. நார்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ என்பவர் 1994ஆம் ஆண்டில் இதற்கு முன்மொழிவு தந்தார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு முறையாக வெளிவந்தது. அந்த முதல் பதிப்பிலேயே, எழுத்தை இடம் வலமாக நடுவில் நிறுத்துவதற்கு ஒரே சொல்லில் ஆணை உண்டு. மேல் கீழாக நடுவில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. அதற்காக இணையத் தொழிலாளர் பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு தனி மலரே போடலாம்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? காரணம் எளியது. பக்கத்தின் அகலம் வெளியிலிருந்து வருகிறது; திரை எவ்வளவோ அவ்வளவு. உயரமோ உள்ளிருந்து வருகிறது; எழுத்து எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பெட்டியும் வளர்ந்துகொண்டே போகும். அகலத்துக்கு எல்லை தெரியும், நடுவைக் காணலாம். எல்லையே தெரியாத உயரத்துக்கு நடு எது?

‘வெர்ட்டிகல்-அலைன்: மிடில்’ என்று ஓர் ஆணை இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெயரைக் கேட்டால் நம் வேலையைச் செய்யவே பிறந்தது போலிருக்கும். நானும் அதை நம்பி ஒரு முழு மாலைப்பொழுதை இழந்தவன். அது பெட்டியின் நடுவைப் பார்ப்பதே இல்லை. ஒரு வரிக்குள் எழுத்தும் படமும் அடுத்தடுத்து நின்றால் ஒன்றுக்கொன்று எப்படி நிற்பது என்பதை மட்டும் அது சொல்லும். அட்டவணையின் அறைக்குள் மாத்திரம் நாம் நினைப்பது போல் நடந்துகொள்ளும். மற்ற இடத்தில் ‘மிடில்’ என்பதற்கு அது கொள்ளும் பொருள், அடிவரிக்கு மேல் ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரத்தில் பாதி! தமிழில் எக்ஸ் ஏது? எழுத்துருவை வார்த்தவர் ஏதேனும் ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தால் அது; அறியவே முடியாவிட்டால் எழுத்தளவில் பாதியை எக்ஸின் உயரமாக உலாவி வைத்துக்கொள்ளும்.

அப்புறம் பழைய தந்திரம் ஒன்று. பெட்டியின் உயரம் எவ்வளவோ அதே எண்ணை ‘லைன்-ஹைட்’ என்னும் வரி உயரத்துக்கும் கொடுத்துவிட்டால் எழுத்து தானே நடுவுக்கு வந்துவிடும். நான் கையாண்டது இதைத்தான். பத்துப் பரிசுகளும் கைப்பேசியில் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்னும் ஆசையால், 24 பிக்சல் எழுத்தை 20 பிக்சல் உயரமுள்ள வரிசையில் அடைத்தேன். மிஞ்சியது வெளியே நீட்டி அலங்கோலமாகத் தெரியாதிருக்க, ‘ஓவர்ஃப்ளோ: ஹிட்டன்’ என்று ஓர் ஆணையும் இட்டேன். மிஞ்சியதை மறை என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்புப் போட்டியில் வென்ற ஆங்கிலத் தலைப்புகளை முதலில் இட்டுப் பார்த்தேன். எல்லாம் பெரிய எழுத்து. தலையும் இல்லை, காலும் இல்லை. அணிவகுப்புப் போல நின்றன. திருப்தியோடு படுத்துவிட்டேன். தமிழ்த் தலைப்புகளை மறுநாள் அவசரமாக ஏற்றினேன். ஒருமுறை திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் மன்றத்துப் பக்கத்தை ஆங்கிலத்தை இட்டுச் சோதித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

வரி உயரம் வேலை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர்கள் வரிக்கும் வரிக்கும் இடையே ஈயத் தகட்டைச் செருகுவார்கள். கணினியிலும் அந்தத் தகடு உண்டு. ஆனால் அதை இரண்டாகப் பிளந்து பாதியை வரிக்கு மேலும் பாதியைக் கீழும் வைக்கிறது. ஒவ்வோர் எழுத்துருவுக்குள்ளும் அடிவரிக்கு மேல் இவ்வளவு, கீழ் இவ்வளவு என்று இரண்டு அளவுகள் பதிந்திருக்கும். அவற்றைக் கூட்டி, நாம் தந்த வரி உயரத்திலிருந்து கழித்து, மிச்சத்தைச் சரிபாதியாக உலாவி பங்கிடும். வரி உயரம் குறைவாக இருந்தால் மிச்சத்துக்குப் பதில் பற்றாக்குறை. அதையும் அப்படியே சரிபாதியாகப் பங்கிடும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டு. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அந்த இரண்டு அளவும் சேர்ந்து எழுத்தளவையே தாண்டும். நான் கொடுத்ததோ எழுத்தளவுக்கும் குறைந்த உயரம்.

பிழையைக் கண்டுகொண்ட இரவு நான் பிரேசர் டவுனில் என் அறையில் இருந்தேன். 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, நெரிசலைக் குறைக்க வகுத்த புதிய குடியிருப்புகளில் ஒன்று இது. ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரைத் தாங்கியது. அரசாங்கத்தின் ஏட்டில் இப்போது புலிகேசி நகர். வாதாபியை வென்ற நரசிம்மவர்மனின் கதையைக் கேட்டு வளர்ந்த நான், புலிகேசியின் பெயர் கொண்ட நகரில் மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வரலாறு இப்படித்தான் பழிவாங்கும் போலும்!

மாஸ்க் ரோட்டில் நடந்து போனால் கன்னடம், ஆங்கிலம், உருது, தமிழ் எல்லாம் பெயர்ப்பலகைகளில் தோளோடு தோள் நிற்கும். பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் வந்தபின் பல பலகைகள் மாறின. ஆயினும் சந்துகளில் கையால் எழுதிய பழைய பலகைகள் இன்னும் உண்டு. அவற்றுள் சில, என் அறைக்குக் கீழ்வீட்டில் இருக்கும் பெரியவர் எழுதியவை. நாற்பது ஆண்டு பெயர்ப்பலகை எழுதியவர். நான்கு மொழியும் எழுதுவார். தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பார். நான் அவரைத் தாத்தா என்பேன். அவருக்கு நான் தம்பி.

மறுநாள் காலை தேநீருக்கு இறங்கியபோது என் முகத்தைப் பார்த்து, ‘என்ன தம்பி, பரீட்சையா?’ என்றார். கைப்பேசியைக் காட்டிக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ‘புள்ளியை வெட்டிட்டியா!’ என்று, பிள்ளையைக் கீழே போட்டவனைக் கேட்பது போலக் கேட்டார்.

‘இனிமேல் வெட்டாது தாத்தா. பிளெக்ஸ் போட்டுச் சரிசெய்துவிடுவேன்’ என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ‘பிளெக்ஸா? அதுதானே எங்க சோற்றில் மண்ணைப் போட்டது’ என்றார்.

எனக்குச் சற்று நேரம் கழித்தே விளங்கியது. அவர் சொன்னது அச்சடித்துத் தொங்கவிடும் பிளெக்ஸ் பதாகையை. அது வந்தபின் அவரிடம் பலகை எழுதக் கொடுப்பார் இல்லை. உயர்நீதிமன்றம் கண்டித்தபின் 2018இல் மாநகராட்சி அதற்குத் தடை போட்டது. அதற்குள் அவர் தூரிகையைக் கட்டி மூலையில் வைத்துவிட்டார். நான் சொன்னதோ சி.எஸ்.எஸ்.ஸில் உள்ள ‘பிளெக்ஸ்’. 2009இல் அதற்கு முதல் வரைவு வந்தது. பெயரும் இலக்கணமும் மாறி மாறி, 2012க்குப் பிறகுதான் நம்பிப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தது. பெட்டியை ‘பிளெக்ஸ்’ ஆக்கி ‘அலைன்-ஐட்டம்ஸ்: சென்டர்’ என்று சொன்னால், உயரம் எதுவானாலும் உள்ளிருப்பது நடுவில் நிற்கும். 2017இல் முக்கிய உலாவிகளுக்கு வந்த ‘கிரிட்’ முறையிலும் அப்படியே. பெட்டியைப் பிளெக்ஸாகவும் கிரிட்டாகவும் மாற்றாமலே ‘அலைன்-கன்டென்ட்’ என்னும் ஆணையால் நடுவில் நிறுத்தும் வசதி 2024இல்தான் வந்தது. முதல் பதிப்பு வெளிவந்து 28 ஆண்டுகள் கழித்து!

இவ்வளவையும் தாத்தாவிடம் சொல்லவில்லை. ‘இது வேறு பிளெக்ஸ் தாத்தா, காசில்லாதது’ என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

பிளெக்ஸ் இட்டேன். உயரத்தை எடுத்துவிட்டேன். மறைக்கும் ஆணையை நீக்கினேன். புள்ளியும் காலும் திரும்பி வந்தன. ஆனால் புதிய தொல்லை ஒன்று தலைகாட்டியது. ‘புல்’ நடுவில் இல்லை, தாழ்ந்து நின்றது. பிளெக்ஸ் பெட்டியைத்தான் நடுவில் வைக்கிறது. எழுத்தின் மையை அது பார்ப்பதில்லை. எழுத்துருவின் மேல் அளவு பெரிதாகவும் கீழ் அளவு சிறிதாகவும் இருந்தால், பெட்டி நடுவில் நின்றாலும் எழுத்து கீழே தொங்கியது போலத் தோன்றும்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே அளந்தேன். மேலே புள்ளியின் உச்சி, கீழே காலின் நுனி, இரண்டுக்கும் நடு எதுவோ அதைப் பெட்டியின் நடுவில் வைத்தேன். கணக்கு அணுவளவும் பிசகவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தால், திருவிழாவில் படம் எடுக்க நிறுத்திய சிறுபிள்ளைகளைப் போல, ஒரு தலைப்பு எம்பி நிற்கிறது, அடுத்தது குனிந்து நிற்கிறது! ‘மேகம்’ என்பதற்கு மேலே புள்ளி உண்டு, கீழே கால் இல்லை, ஆகவே கீழிறங்கியது. ‘புகை’ என்பதற்குக் கீழே கால் உண்டு, மேலே ஒன்றுமில்லை, ஆகவே மேலேறியது. தனித்தனியே ஒவ்வொன்றும் சரி. சேர்த்துப் பார்த்தால் கண் கூசுகிறது.

மாலையில் மடிக்கணினியையே தூக்கிக்கொண்டு கீழே போனேன். தாத்தா அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய், பழைய பலகை ஒன்றையும் சுண்ணப்பொடி தேய்த்த நூலையும் கொண்டுவந்தார். பலகையில் இரண்டு நூல் தட்டினார். மேல்நூலுக்கும் கீழ்நூலுக்கும் இடையே கரியால் ‘ப’ ஒன்று எழுதினார். அதன் தலை மேல்நூலைத் தொட்டது, அடி கீழ்நூலில் அமர்ந்தது. பக்கத்தில் ‘ம’, ‘ட’. பிறகு ‘பு’: உடல் நூல்களுக்குள், கால் வெளியே. பிறகு ‘ல்’: உடல் உள்ளே, புள்ளி வெளியே.

‘இந்த ரெண்டு நூலுக்கு நடுவுதான் எழுத்துக்கு நடு. அதைக் கொண்டுபோய்ப் பலகைக்கு நடுவிலே வை’ என்றார்.

‘புள்ளி, கால் எல்லாம் கணக்கில் வராதா தாத்தா?’

‘கூரைமேல் குருவி உட்கார்ந்தால் வீட்டின் உயரத்தைக் கூட்டிச் சொல்வாயா? ஆனால் குருவி உட்கார இடம் விடணும். அதை விடாமல்தானே நீ வெட்டிப்போட்டாய்!’

அவ்வளவுதான். நான் இரண்டு நாள் பட்ட பாட்டுக்கு இரண்டு நூலில் விடை. நடுவை உடலைக்கொண்டு காண்பது. இடத்தைப் புள்ளியையும் காலையும் கொண்டு கணக்கிடுவது. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன். கன்னடத்துக்கு அடியில் ஒத்தெழுத்துகள் தொங்குவதால் கீழே இன்னும் தாராளமாக விடவேண்டும் என்றார். உருதுதான் கடினமாம், அதன் சொற்கள் வலப்புற மேட்டிலிருந்து இடப்புறப் பள்ளத்துக்குச் சரிந்து இறங்குமாதலால், அங்கே நூல் தட்டிப் பயனில்லை, தள்ளி நின்று பார்த்துத்தான் எழுதவேண்டும் என்றார்.

அவர் சொன்னபடி சி.எஸ்.எஸ்.ஸில் செய்தது இவ்வளவே. வரிசைக்கு உயரம் என்று ஓர் எண்ணைக் கட்டவில்லை. குறைந்த அளவு உயரம் மட்டும் சொன்னேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சிறு திரையில் எளிதில் இரண்டாம் வரிக்கு மடங்கும். உயரம் கட்டுண்டால் அப்போதும் வெட்டு விழும். வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு ஆக்கினேன். பிறகு ‘பட்டம்’ என்று எழுதி, புள்ளிகளை விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்தேன். நடுவிலிருந்து இரண்டு பிக்சல் தாழ்ந்திருந்தது. பெட்டியின் அடியில் மட்டும் நான்கு பிக்சல் உள்ளிடம் கூட்டினேன். உடல் இரண்டு பிக்சல் உயர்ந்து நடுவுக்கு வந்தது. அதைப் பிக்சலாக விடாமல் எழுத்தளவில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதினேன். எழுத்து பெருத்தாலும் சிறுத்தாலும் கூடவே மாறும். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பயன்படுத்திய எழுத்துருவுக்குத்தான் அது பொருந்தும். வேறு எழுத்துருவென்றால் ‘பட்டம்’ எழுதி மறுபடியும் அளக்கத்தான் வேண்டும்.

இதற்கெல்லாம் அவசியமே இல்லாமல் செய்ய ‘டெக்ஸ்ட்-பாக்ஸ்’ என்று புதிய ஆணை ஒன்று வந்திருக்கிறது. 2024 இறுதியில் சஃபாரியிலும் 2025 தொடக்கத்தில் குரோமிலும் வந்தது. எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தைக் கத்தரித்து, எழுத்தையே நடுவில் வைக்க உதவுவது. ஆவலோடு எடுத்துப் பார்த்தேன். எங்கே கத்தரிப்பது என்பதற்கு அது தரும் பெயர்கள்: எழுத்துருவின் முழு எல்லை, ஆங்கிலப் பெரிய எழுத்தின் தலை, சிறிய எக்ஸின் தலை, அடிவரி. தாத்தாவின் மேல்நூலுக்கு அங்கே பெயர் இல்லை. ஆங்கிலத் தலையை ஒட்டிக் கத்தரித்துவிட்டு அதே கட்டத்தில் தமிழை இட்டால், புள்ளி போய்ப் பெட்டியின் ஓரத்தில் முட்டக்கூடும். யாரும் வேண்டுமென்று செய்த வஞ்சனையன்று இது. ‘ப’வின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்ல அந்த மேசையில் நம்மவர் போதிய பேர் இல்லை, அவ்வளவே. இணையத்தின் நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தமிழ் எழுத்துக்கு என்னென்ன தேவை, எங்கெங்கே குறை என்பதைத் திரட்டிவருகிறது. குறையை எவரும் எழுதலாம். கணினித் துறைத் தோழர்கள் இருவர் முன்வந்தால், இந்த விடுமுறையில் நாம் மூவரும் உட்கார்ந்து இந்த மேல்நூலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். தாத்தாவின் பலகையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

திருத்திய பக்கத்தை அந்த மாணவிக்கு அனுப்பினேன். ‘அம்மா பார்த்துவிட்டார்கள் அண்ணா. புல் முளைத்துவிட்டது என்றார்கள்’ என்று மறுமொழி வந்தது.

அந்த மகிழ்ச்சியில் தாத்தாவிடமும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ‘தமிழ் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷ் மட்டும் ஒரு மயிரிழை மேலே நிற்கிறதே’ என்றார்.

இருக்காது என்றுதான் நினைத்தேன். மாடிக்குப் போய்ப் பெரிதாக்கி அளந்தேன். ஒரு பிக்சல். தமிழுக்காக நான் கூட்டிய உள்ளிடத்தை ஆங்கிலத் தலைப்புகளும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தன. எந்தத் தலைப்பு எந்த மொழி என்று பக்கத்தில் நான் குறிக்கவே இல்லை. குறித்திருந்தால் தமிழுக்கு மட்டும் அந்த ஆணை என்று சொல்லியிருக்கலாம். அன்றிரவு உட்கார்ந்து, பத்துத் தலைப்புக்கும் ஒவ்வொன்றாக மொழிக்குறி இட்டேன்.